நிழல் தெற்கே விழும் ஊர்: தேடல்வழி அறிவியலும் வெளிநாட்டுப் பல்கலைக்கழகக் கூட்டும்

கல்யாண வீட்டு வாசலில் ஆரத்தி கரைப்பதைப் பார்க்காத குழந்தை கொங்கு நாட்டில் இருக்காது. மஞ்சள் கரைத்த தண்ணீரில் துளி சுண்ணாம்பைப் போட்டதும் தட்டே சிவந்துபோகும். அதே குழந்தை பள்ளியில் "மஞ்சள் ஓர் இயற்கை நிறங்காட்டி, காரத்தில் சிவப்பாக மாறும்" என்று மனப்பாடம் செய்து, மதிப்பெண் வாங்கி, மறந்தும் போகிறது. அந்த வரி ஆரத்தித் தட்டைப் பற்றியது என்று பல குழந்தைகளுக்குக் கடைசிவரை தோன்றுவதே இல்லை.

இந்த இரண்டையும் ஒட்டவைக்கும் கற்பித்தல் முறைதான் தேடல்வழி அறிவியல் கல்வி. 'விசாரணை அடிப்படையிலான கற்றல்' என்றும் சிலர் மொழிபெயர்க்கிறார்கள். கேட்டால் போலீஸ் ஸ்டேஷன் ஞாபகம் வருகிறது, இங்கே வேண்டாம். பெயர் எதுவானாலும் வரிசை ஒன்றுதான். முதலில் கேள்வி, அதற்குக் குழந்தையின் கணிப்பு, பிறகு செய்து பார்த்து அளப்பது, கடைசியாக விளக்கம். வழக்கமான வகுப்பில் விளக்கம் முதலிலேயே வந்துவிடும். செய்முறை பின்னால் வந்து அதற்குச் சாட்சி சொல்லிவிட்டுப் போகும்.

தேடல் என்றாலே குழந்தையை அதன் போக்கில் விட்டுவிடுவது என்று நினைக்க வேண்டாம். இதில் நான்கு படிகளைச் சொல்வார்கள். முதல் படியில் கேள்வி, செய்முறை, விடை மூன்றும் முன்கூட்டியே தெரியும். மஞ்சளில் சுண்ணாம்பு போட்டுச் சிவப்பதைப் பார்ப்பதோடு சரி. இரண்டாவதில் கேள்வியும் செய்முறையும் ஆசிரியர் தருவது, விடை குழந்தை கண்டுபிடிப்பது: "இந்த ஆறு பொருளில் எவை மஞ்சளைச் சிவக்க வைக்கும்?" மூன்றாவதில் கேள்வி மட்டுமே ஆசிரியருடையது: "சிவந்த தண்ணீரைத் திரும்ப மஞ்சளாக்க முடியுமா? எப்படிச் சோதிப்பாய்?" நான்காவதில் கேள்வியும் குழந்தையுடையது. எடுத்த எடுப்பில் நான்காம் படிக்குத் தாவிய பள்ளிகளில் வகுப்பு சந்தைக்கடை ஆகிவிடும். வழிகாட்டல் இல்லாத கண்டுபிடிப்பு புதிதாகக் கற்பவர்களுக்குப் பலன் தராது என்று கிர்ஷ்னர், ஸ்வெல்லர், கிளார்க் என்ற கல்வி ஆய்வாளர்கள் மூவரும் 2006இல் எழுதிய விமர்சனம் இன்றைக்கும் படிக்கத் தக்கது. ஓராண்டு முழுக்க இரண்டாம் படியிலேயே இருந்தாலும் குறைவில்லை.

ஒரு வகுப்பு எப்படி நடக்கும்

40 பேர் வகுப்பென்றால் நால்வராகப் பத்துக் குழுக்கள். குழுவுக்கு ஆறு பேர் என்றால் இருவர் செய்வார்கள், நால்வர் வேடிக்கை பார்ப்பார்கள். அடுத்தடுத்து இரண்டு பாடவேளை வேண்டும். ஒன்றே ஒன்று என்றால் பொருளை எடுத்து வைப்பதற்குள் மணி அடித்துவிடும்.

ஆரத்திக் கேள்விக்கு மஞ்சள் தாள் செய்துகொள்வது நல்லது. மஞ்சளில் நிறம் மாறும் பொருள் குர்க்குமின். அது தண்ணீரில் சரியாகக் கரையாது. 50 மில்லி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளைக் கலக்கிப் பத்து நிமிடம் தெளிய விட்டு, மேலே நிற்கும் சாறில் வடிதாளை நனைத்து நிழலில் உலர்த்த வேண்டும். வெயிலில் காயப்போட்டால் நிறம் வெளிறிவிடும். ஸ்பிரிட் பக்கம் நெருப்பு வரவே கூடாது என்பதால் இந்த வேலை ஆசிரியருடையது. குழுவுக்கு ஆறு பாட்டில் மூடிகள் போதும்: சுண்ணாம்புத் தெளிநீர், சோப்புத் தண்ணீர், சலவை சோடாக் கரைசல், ஆப்பசோடாக் கரைசல், எலுமிச்சைச் சாறு, குடிநீர். சுண்ணாம்பையும் சலவை சோடாவையும் கையில் தொடாமல், குச்சியால் ஒரு துளி எடுத்துத் தாளில் வைக்க வேண்டும்.

தொடுவதற்கு முன் ஒவ்வொருவரும் தன் கணிப்பை எழுதியாக வேண்டும். இந்தப் படியைத்தான் அவசரத்தில் விட்டுவிடுகிறார்கள். கணிப்பு இல்லாதவனுக்கு எந்த விடையும் ஆச்சரியம் தராது. நோட்டின் இடப்பக்கம் குழந்தையின் சொந்தக் கணிப்பு, படம், அளவு. வலப்பக்கம் வகுப்பு கூடி ஒப்புக்கொண்ட முடிவு. இடப்பக்கத்தில் சிவப்பு மை படக் கூடாது, தவறான கணிப்பை அழிக்கவும் கூடாது.

இரண்டு சிக்கல்கள் நிச்சயம் வரும். ஆப்பசோடா லேசான காரம். அதில் தாள் பளிச்சென்று சிவக்காமல் ஆரஞ்சுக்கும் பழுப்புக்கும் நடுவில் நிற்கும். ஒரு குழு 'சிவந்தது' என்னும், இன்னொன்று 'இல்லை' என்னும். தீர்ப்புச் சொல்லிவிடாதீர்கள். கரைசலில் எவ்வளவு சோடா போட்டார்கள் என்று கேளுங்கள், அளவுக் கரண்டியின் அவசியம் தானாக வரும். இரண்டாவது சிக்கல் இன்னும் ஆழமானது. மஞ்சள் தாள் எலுமிச்சையிலும் மஞ்சளாகவே இருக்கும், தண்ணீரிலும் மஞ்சளாகவே இருக்கும். உடனே "அப்போ தண்ணியும் அமிலமுங்களா டீச்சர்?" என்று ஒரு குரல் வரும். அந்தக் குரலுக்காகத்தான் இந்த வகுப்பே. 'சிவக்கவில்லை' என்றால் 'காரம் இல்லை' என்று மட்டுமே பொருள், 'அமிலம்' என்று பொருள் இல்லை. அதைப் பிரித்தறிய இன்னொரு நிறங்காட்டி வேண்டும்: செம்பருத்தி இதழைச் சுடுதண்ணீரில் ஊறவைத்த சாறு அமிலத்தில் இளஞ்சிவப்பாகவும் காரத்தில் பச்சையாகவும் மாறும். அடுத்த வகுப்புக்குப் பொருள் கிடைத்துவிட்டது.

ஆசிரியர் பழக வேண்டியவற்றில் கடினமானது சும்மா இருப்பது. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சராசரியாக ஒரு விநாடிகூடக் காத்திருப்பதில்லை என்று மேரி பட் ரோ என்ற அமெரிக்க ஆய்வாளர் 1970களில் ஒலிப்பதிவுகளை வைத்துக் காட்டினார். மூன்று விநாடி காத்திருந்தாலே பதில்கள் நீள்கின்றன, வாய் திறக்காத பிள்ளைகளும் பேசத் தொடங்குகின்றன. மூன்று விநாடி என்பது வகுப்பறையில் யுகமாகத் தெரியும். மனதுக்குள் எண்ணிக்கொள்ளலாம்.

பல்கலைக்கழகம் எங்கே நுழைகிறது

பள்ளி ஆசிரியர் தனியாக இதைச் செய்தால் ஒரு பருவத்தில் களைத்துப்போவார். குழந்தையின் கேள்விக்குப் பதில் தெரியாத நேரத்தில் கேட்க ஓர் ஆள் வேண்டும். இந்தியாவில் இதற்கு நல்ல முன்னோடி உண்டு. மத்தியப் பிரதேசத்தின் ஹோசங்காபாத் மாவட்டத்தில் 1972இல் 16 நடுநிலைப் பள்ளிகளில் ஓர் அறிவியல் கற்பித்தல் திட்டம் தொடங்கியது. டெல்லிப் பல்கலைக்கழகப் பேராசிரியர்களும் மும்பை டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவன விஞ்ஞானிகளும் கிராமத்து ஆசிரியர்களோடு உட்கார்ந்து பாடங்களை உருவாக்கினார்கள். பரீட்சையில் புத்தகத்தைத் திறந்துவைத்தே எழுதலாம். 'சவாலிராம்' என்ற கற்பனைப் பாத்திரத்துக்குக் குழந்தைகள் கேள்விக் கடிதம் போட்டார்கள். 2002இல் மாநில அரசு அதை நிறுத்திவிட்டது.

பிரான்சில் 1996இல் ஜார்ஜ் ஷார்பாக் தொடங்கிய இயக்கத்தின் பெயர் 'லா மாங் ஆ லா பாத்'. 'மாவில் கை வைப்பது' என்று சொல்லலாம். 1992இல் இயற்பியல் நோபல் வாங்கியவர் அவர். சிகாகோவில் இன்னொரு நோபல் இயற்பியலாளரான லியோன் லெடர்மன் ஏழைப் பகுதிப் பள்ளிகளில் நடத்திய முயற்சியைப் பார்த்துவிட்டுத் தன் நாட்டில் ஆரம்பித்தார். அங்கே அறிவியல், பொறியியல் கல்லூரி மாணவர்கள் தொடக்கப்பள்ளி ஆசிரியருக்குத் துணையாக வகுப்புக்குள் போகிறார்கள். பாடம் நடத்துவது ஆசிரியர்தான். கல்லூரி மாணவர் உடன் நிற்பவர். இந்த ஏற்பாட்டை அப்படியே இங்கே எடுத்துக்கொள்ளலாம். கோவை, ஈரோடு, சேலம் வட்டாரத்தில் கல்லூரிக்குப் பஞ்சமா?

அப்படியானால் வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் எதற்கு? பெரும்பாலும் புரிந்துணர்வு ஒப்பந்தம் கையெழுத்தாகும், பொன்னாடை போர்த்துவார்கள், குத்துவிளக்கு ஏற்றுவார்கள், பேனருக்கு முன் படம் எடுப்பார்கள், அதோடு முடிந்துவிடும். சில இடங்களில் விலையுயர்ந்த கருவிப்பெட்டி வரும். பீரோவுக்குள் போய்ப் பூட்டிக்கொள்ளும். தேடல்வழிக் கல்விக்கு அவர்களிடமிருந்து நிஜமாகத் தேவைப்படுவது ஒன்றுதான்: வேறோர் இடத்தில் எடுத்த அதே அளவு. இரண்டு ஊரில் ஒரே கேள்விக்கு இரண்டு விடை வரும்போது குழந்தைக்குத் தன் ஊரே புதிதாகத் தெரியும்.

ஒரு குச்சி, இரண்டு நாடு

கோவை 11 பாகை வட அட்சரேகையில் இருக்கிறது. கூட்டாளி பிரான்சின் லியோன் நகரத்தில் இருப்பதாக வைத்துக்கொள்வோம், அது 45.8 பாகை. ஜூன் 21 நண்பகலில் இரண்டு ஊரிலும் 1 மீட்டர் உயரக் குச்சியை நட்டு நிழல் அளக்கிறார்கள். லியோனில் 41 செ.மீ., வடக்கே விழும். கோவையில் 22 செ.மீ., தெற்கே விழும். ஏப்ரல் 18ஐ ஒட்டி ஒரு நாளும் ஆகஸ்ட் 24ஐ ஒட்டி ஒரு நாளும் கோவையில் நண்பகல் சூரியன் நேர் உச்சிக்கு வந்து நிழல் காலடியில் ஒடுங்கும். இடைப்பட்ட நான்கு மாதமும் சூரியன் நமக்கு வடக்கே. லியோன் குழந்தை தன் ஊரில் நண்பகல் நிழல் தெற்கே விழுந்து பார்த்ததே இல்லை, பார்க்கவும் முடியாது. "உங்கள் நிழல் ஏன் தப்பான பக்கம் விழுகிறது?" என்று அங்கிருந்து கேள்வி வரும். நம் பிள்ளைகளுக்கு அதுவரை அது கேள்வியாகவே தோன்றியிருக்காது.

இதை வைத்துப் பூமியின் சுற்றளவைக் கணக்கிடலாம். கி.மு. மூன்றாம் நூற்றாண்டில் எரடோஸ்தனிஸ் என்ற கிரேக்க அறிஞர் எகிப்தின் அலெக்சாந்திரியா, சயீன் ஆகிய இரண்டு ஊர்களை வைத்துப் போட்ட கணக்குதான். நிழலிலிருந்து கோணம் கண்டுபிடிக்க எட்டாம் வகுப்புக்கு டான்ஜென்ட் தெரியாது. தாளில் உயரத்துக்கு 20 செ.மீ. கோடும் நிழலுக்கு அதே அளவுத்திட்டத்தில் கோடும் வரைந்து பாகைமானி வைத்தால் போதும். கோவைக்கு 12.4 பாகை வரும், லியோனுக்கு 22.3. சூரியன் இரண்டு ஊருக்கும் நடுவே இருப்பதால் இவற்றைக் கூட்ட வேண்டும்: 34.7. இரண்டு ஊருக்கும் தெற்கு வடக்குத் தூரம் சுமார் 3,860 கி.மீ. அதை 360ஆல் பெருக்கி 34.7ஆல் வகுத்தால் 40,000ஐ ஒட்டி வரும்.

கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டால் 9.9 பாகை, சுற்றளவு 1,40,000 கி.மீ. என்று வரும். நிழலின் திசையை எழுதாமல் நீளத்தை மட்டும் எழுதிய குழுவுக்கு இது நடக்கும். இன்னொரு தவறு, வரைபடத்தில் கோவையிலிருந்து லியோனுக்கு நேர்த்தூரம் எடுப்பது. அது சுமார் 7,750 கி.மீ.; பூமி இரண்டு மடங்கு ஊதிவிடும். கிழக்கு மேற்கு விலகலைக் கழித்துவிட்டு, கோவைக்கு நேர் வடக்கே லியோனின் அட்சரேகைக்குப் போனால் எந்த இடம் வருகிறதோ அதுவரைதான் அளக்க வேண்டும். கசகஸ்தானில் பால்காஷ் ஏரிப் பக்கம் போய் நிற்கும். வரைபடம் பூமியின் அளவைத் தெரிந்துகொண்டுதான் தூரம் சொல்கிறது, ஆகவே இது கண்டுபிடிப்பு ஆகாது, சரிபார்ப்புதான். குழந்தைகளிடம் இதை ஒளிக்கத் தேவையில்லை. வெளிநாட்டுக்கு முன் டெல்லியோடு ஒத்திகை பார்ப்பது நல்லது: டெல்லியும் கோவையும் ஏறக்குறைய ஒரே தீர்க்கரேகை, வித்தியாசம் 17.6 பாகை, தூரம் சுமார் 1,955 கி.மீ.

அளப்பதில் கவனிக்க வேண்டியவை நிறைய. முதலாவது நேரம். கடிகாரம் 12 காட்டும்போது கோவையில் நண்பகல் ஆகாது. இந்திய நேரம் 82.5 பாகை கிழக்குத் தீர்க்கரேகைக்குக் கணக்கிட்டது, கோவை 77 பாகை. ஜூன் 21இல் நம் நிஜ நண்பகல் 12:24 மணிக்கு. சரியாக 12க்கு அளந்தால் நிழல் 2 செ.மீ.க்கு மேல் கூடிவிடும், கோணம் ஒரு பாகைக்கு மேல் தவறும். நேரத்தை நம்பாமல் 12 மணியிலிருந்து 12:50 வரை ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை நிழல் நுனியில் புள்ளி வைத்து, மிகக் குறுகிய நிழலை எடுத்துக்கொள்வது நல்ல வழி.

இரண்டாவது குச்சி. ஒரு பாகை சாய்ந்தால் நுனி 1.7 செ.மீ. தள்ளிப்போகும். அதோடு குச்சியின் நிழல் நுனி மங்கலாக இருக்கும், இருவர் அளந்தால் இரண்டு அளவு வரும். குச்சியையே விட்டுவிடலாம். நிழல் விழும் பக்கம் மேஜை விளிம்புக்கு வெளியே ஓர் அட்டையை நீட்டிக் கட்டி, அதில் 5 மி.மீ. துளை போடுங்கள். துளையிலிருந்து கொத்தனாரின் தூக்குக்குண்டை இறக்கித் தரையில் அடிப்புள்ளி வையுங்கள். அட்டையின் நிழலுக்குள் ஒரு சின்ன ஒளிவட்டம் தெரியும். அதன் மையம்தான் நுனி. துளையின் உயரம், அடிப்புள்ளியிலிருந்து மையத்துக்குத் தூரம், இரண்டும் போதும். சாய்வுப் பிழையும் மங்கல் பிழையும் சேர்ந்து ஒழியும். தரை மட்டமா என்று ரசமட்டம் வைத்துப் பார்த்துக்கொள்ளுங்கள். துளை வழியாகச் சூரியனை யாரும் பார்க்கக் கூடாது.

மூன்றாவது மேகம். ஜூனில் பாலக்காட்டுக் கணவாய் வழியாகக் காற்றும் மேகமும் வந்துகொண்டே இருக்கும். ஒரே நாளை நம்பாமல் ஜூன் 17 முதல் 25 வரை ஒரு வாரத்துக்கு மேல் ஒதுக்குங்கள். அந்த நாட்களில் சூரியனின் உயரம் கிட்டத்தட்ட மாறுவதில்லை. வானம் தெளிவாக இருக்கும் மார்ச் 21 இன்னும் வசதி, ஆனால் அப்போது பள்ளி தேர்வு மும்முரத்தில் இருக்கும். நிழலும் இரண்டு ஊரிலும் வடக்கே விழும் (கோவையில் 19.4 செ.மீ.), அந்த நல்ல கேள்வி வராது.

கூட்டை எப்படித் தொடங்குவது

ஐந்து பள்ளி, பத்து ஆசிரியர், ஒரே கேள்வி, இரண்டு ஆண்டு. இதற்கு மேல் ஆசைப்பட வேண்டாம். ஒப்பந்தத்தைக் கடைசியில் எழுதலாம். முதலில் இரு பக்கமும் ஆளுக்கொரு பொறுப்பாளரும், எப்படி அளப்பது என்று ஒரே பக்கத்தில் அடங்கும் குறிப்பும் வேண்டும். அரசுப் பள்ளி என்றால் மாவட்ட முதன்மைக் கல்வி அலுவலரிடம் எழுத்தில் அனுமதி வாங்க வேண்டும். 2022 நவம்பரில் தமிழக அரசு தொடங்கிய செய்முறை அறிவியல் திட்டமான வானவில் மன்றத்தின் கருத்தாளர்கள் ஆறு முதல் எட்டாம் வகுப்பு வரை ஏற்கெனவே வந்துபோகிறார்கள். அவர்களைச் சேர்த்துக்கொண்டால் தனி ஏற்பாடு வேண்டியதில்லை.

பகிரும் அட்டவணையில் ஊர், அட்சரேகை, தேதி, உலகப் பொது நேரம் (கிரீன்விச் நேரம்), துளையின் உயரம், நிழல் நீளம், நிழலின் திசை, எத்தனை முறை அளந்தது என எட்டுக் கட்டங்கள். பிரெஞ்சுக்காரர்கள் தசமப்புள்ளிக்குக் காற்புள்ளி போடுவார்கள். நம்முடைய 19.4 அவர்களுக்கு 19,4. கலந்து எழுதினால் அட்டவணை அதை எண்ணாகவே மதிக்காது, சராசரி தப்பும். தேதியில் மாதத்தை எழுத்தில் எழுதச் சொல்லுங்கள். நேரத்தை உலகப் பொது நேரத்தில் எழுதினால் கோவையின் நண்பகல் 6:54, லியோனுடையது 11:42 என்று வரும். இந்த 4 மணி 48 நிமிட இடைவெளியிலிருந்து தீர்க்கரேகை வித்தியாசத்தையே கணக்கிடலாம்: மணிக்கு 15 பாகை வீதம் 72 பாகை. யாராவது ஒரு பிள்ளை இதைத் தானாகக் கவனித்தால் அன்றைய பாடத்தை நிறுத்திவிட்டு அதன் பின்னால் போங்கள்.

இரு ஊரும் நேரலையில் சேர்ந்து அளப்பது நடக்காது. லியோனில் நண்பகல் ஆகும்போது இங்கே மாலை 5:12, பள்ளி விட்டிருக்கும். மறுநாள் நம் பிற்பகல் 2:30க்கு, அவர்களுக்குக் காலை 11க்கு, காணொளியில் அளவுகளை ஒப்பிட்டுப் பேசலாம். குளிர்காலத்தில் அவர்கள் கடிகாரம் ஒரு மணி பின்னால் போகும், அப்போது 2:30 அவர்களுக்கு 10. பேச்சு தமிழில் இருக்கட்டும்; உடன் வரும் கல்லூரி மாணவர் மொழிபெயர்ப்பார். இதை ஆங்கிலப் பேச்சுப் போட்டியாக மாற்றினால் அளந்த குழந்தை பின் பெஞ்சுக்குப் போய்விடும், சரளமாகப் பேசத் தெரிந்த இருவர் முன்னால் வருவார்கள். குழந்தைகளின் படத்தை அனுப்பப் பெற்றோர் ஒப்புதல் வேண்டும், ஐரோப்பியச் சட்டம் இதில் கறார். கை, அட்டை, நிழல் மட்டும் தெரியும் படமே போதும்.

பணத்தில் தொடங்காமல் இருப்பது நல்லது. வெளிநாட்டுப் பணம் ஓர் அறக்கட்டளைக்கோ சங்கத்துக்கோ வர வேண்டுமானால் 2010ஆம் ஆண்டின் வெளிநாட்டு நன்கொடை ஒழுங்குமுறைச் சட்டத்தின்கீழ் பதிவோ முன்அனுமதியோ வேண்டும். 2020 திருத்தத்துக்குப் பின் அந்தப் பணம் புதுடெல்லியிலுள்ள ஸ்டேட் வங்கி முதன்மைக் கிளைக் கணக்கில்தான் முதலில் வந்து இறங்க வேண்டும். அட்டை, தூக்குக்குண்டு, அளவு நாடா எல்லாம் உள்ளூர்க் கடையிலேயே கிடைக்கும். கருவியை அங்கிருந்து பார்சலில் அனுப்பச் சொன்னால் சுங்கத்தில் போய் மாட்டிக்கொள்ளும்.

இரண்டாம் ஆண்டுக்கு நம் பக்கத்திலிருந்து கேள்வி போகட்டும். தண்ணீர் எடுத்துக்கொள்ளலாம்: சிறுவாணித் தண்ணீரில் சோப்பு நுரைப்பதும் திருப்பூர்ப் பக்க போர்த் தண்ணீரில் நுரைக்க மறுப்பதும் வீட்டில் எல்லோரும் அறிந்ததே. 10 மில்லி தண்ணீரை மூடியுள்ள சிறு பாட்டிலில் ஊற்றி, சோப்புக் கரைசலைச் சொட்டுச் சொட்டாக விட்டு, ஒவ்வொரு சொட்டுக்கும் பத்து விநாடி குலுக்கி, நுரை அரை நிமிடம் நிற்கும்வரை சொட்டை எண்ண வேண்டும். சுண்ணாம்புப் பாறை நிலத்தில் இருக்கும் கூட்டாளி ஊரின் குழாய்த் தண்ணீர் எத்தனை சொட்டு கேட்கிறது என்று ஒப்பிடலாம். சோப்புக் கரைசலை இரு ஊரிலும் ஒரே விகிதத்தில் செய்ய வேண்டும், 1 கிராம் சீவிய துணி சோப்புக்கு (டிடர்ஜென்ட் கட்டி அல்ல) 100 மில்லி காய்ச்சி வடித்த தண்ணீர். சோப்பு என்று கேட்டால் பிள்ளைகள் ஷாம்பு பாக்கெட்டையும் சலவைத்தூளையும் கொண்டுவரும். அவை கடினநீரிலும் நுரைத்துவிடும், எல்லாத் தண்ணீரும் ஒன்றுபோலவே காட்டும். கொண்டுவந்ததை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். மூன்றாவது நாள் வகுப்பில் அதையே கேள்வியாகக் கேட்கலாம்.